எந்த வயதில் எந்தக் கதை? வீட்டில் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லிக் கொடுப்பது பற்றி

சிஸ்டர், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வீட்டில் 4 வயது மகள், 9 வயது மகன், உங்களோடு தங்கிப் படிக்கும் 13 வயது அண்ணன் மகன். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஆரம்பித்து நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்து வருகிறீர்கள். சின்னவள் தூங்கிவிடுகிறாள், பெரியவன் போனை நோண்டுகிறான், நடுவில் இருப்பவன் மட்டும் நோவா கதை வந்த அன்றைக்கு "அந்தத் தண்ணியில குட்டிப் பாப்பாங்களும் செத்துப் போச்சா?" என்று கேட்டுவிட்டான். யாரும் வாய் திறக்கவில்லை, உங்கள் மாமனார் "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்கிவிட்டார். எந்த வயதில் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, அவனுக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். நான் பல வருஷமாக சண்டே ஸ்கூலில் பாடம் எடுப்பவன், புதிதாக வரும் டீச்சர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பவன், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்த வரிசை வாசிப்பை நிறுத்துங்கள். நோவா 6 முதல் 9 வரை. அதற்கப்புறம் பத்து நாளில் 19ஆம் அதிகாரம் வந்துவிடும், லோத்தும் அவன் மகள்களும். பிறகு 34இல் தீனாள், 38இல் யூதாவும் தாமாரும், எல்லாம் பாலியல் கொடுமையும் முறைகேடும் வருகிற கதைகள். நாலு வயசுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 38ஆம் அதிகாரத்தை எப்படி உரக்க வாசிப்பீர்கள்? நம் வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். அதை வருஷத்துக்கு ஒரு தடவை முடிக்கும் அட்டவணை பெரியவர்களுக்காகப் போட்டது. அதை நீங்களும் உங்கள் கணவரும் காலையில் தனியாகச் செய்யுங்கள், நல்ல காரியம்தான், பிள்ளைகளை அதில் இழுக்க வேண்டாம். ராத்திரிக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நாலு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம், ஒரு சம்பவம் முடிந்தவுடன் அடுத்தது ஓடி வரும். நாளுக்கு ஒரு சம்பவம் மட்டும், பத்து வசனம் பதினைந்து வசனம் போதும். அது முடிந்ததும் யோசேப்பு கதை, ஆதியாகமம் 37, அப்புறம் 39 முதல் 50 வரை. அண்ணன் தம்பி பொறாமை, பொய், ஜெயில், பஞ்சம், கடைசியில் அழுகை என்று எல்லாம் இருக்கிறது, உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற கதை அதைப் போல வேறில்லை என்பேன்.

வயது வாரியாகப் போவதற்கு முன்னால் நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதில் சொன்ன ஒன்றை பதினைந்து வயதில் "அது சும்மா சின்னப் பிள்ளைக்குச் சொன்னது" என்று வாபஸ் வாங்கும்படி எதையும் சொல்லக்கூடாது. குறைத்துச் சொல்லலாம், சில இடத்தை விட்டுவிட்டுச் சொல்லலாம், மாற்றிச் சொல்லக்கூடாது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நம்முடைய சண்டே ஸ்கூல் பாடங்களில் பாதி இதில் தோற்றுப்போகும். தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் எப்போதும் பதினெட்டு வயசுப் பையனாக வரைகிறார்கள், ஆனால் ஜெபம் பண்ணியதற்காக அவரைச் சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்கள் இருந்த குகையில், போட்டது தரியு ராஜாவின் காலத்தில், தானியேலுக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. அது போகட்டும், படம்தானே. "நீயும் தானியேல் மாதிரி தினமும் ஜெபம் பண்ணினால் உன்னையும் ஒன்றும் செய்யாது" என்று முடிக்கிறோமே, அதுதான் பிரச்சினை. ஆச்சிக்காகப் பிள்ளை முழங்கால் போட்டு ஜெபிக்கிறது, ஆச்சி இறந்துபோகிறார். பிள்ளை என்ன கணக்குப் போடும்? ஒன்று ஜெபம் பொய், இல்லாவிட்டால் என் ஜெபம் சரியில்லை. இரண்டுமே நாம் சொல்லிக் கொடுத்ததுதான். அதே தானியேல் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று பேர், சிலையைப் பணியாவிட்டால் நெருப்புச் சூளையில் போடுவேன் என்று மிரட்டிய ராஜாவிடம் எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே "விடுவிக்காமற்போனாலும்" உன் சிலையைப் பணிய மாட்டோம் என்கிறார்கள். படக்கதைகளில் முதலில் விழுந்துபோவது அந்த ஒரு சொல்தான். அதைச் சேர்த்துச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆறு வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

இப்போது சின்னவள். நாலு வயதுக்குப் பாடம் வேண்டாம், கதை போதும், அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரே கதை. பெரியவர்களுக்குத்தான் திரும்பச் சொன்னால் சலிப்பு, அவளுக்கு "நேத்து சொன்ன அதே கதை" என்றால் கொண்டாட்டம். 1954இல் ரோம் நகரத்தில் சோஃபியா கவல்லெட்டி என்ற எபிரெய மொழி அறிஞரும் ஜியானா கோபி என்ற மாண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லும் ஒரு முறையை ஆரம்பித்தார்கள். மரத்தில் செய்த சின்ன மேய்ப்பன், சில ஆடுகள், ஒரு தொழுவம், அவ்வளவுதான். கதையைச் சொல்லிவிட்டு ஆடுகளைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் மற்ற எதையும்விட நல்ல மேய்ப்பன் உவமையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்ததைப் பார்த்து, அந்தக் கல்வி முறைக்கே நல்ல மேய்ப்பன் என்ற பெயர் வந்துவிட்டது. நமக்கு மரப் பொம்மை தேவையில்லை. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, பத்துப் புளியங்கொட்டையை ஆடாக வைத்து, ஒன்றைச் சோபாவுக்கு அடியில் ஒளித்துவிட்டு லூக்கா 15இல் இருக்கும் காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்லிப் பாருங்கள். நூறு ஆடு என்று எண்ணத் தெரியாத வயது, பத்து இருந்தால் போதும், "நிறைய ஆடு" என்று சொன்னால் போதும். ஒன்றைக் காணவில்லை என்றதும் அவளே எழுந்து தேடப் போவாள். கிடைத்தவுடன் தோளில் வைத்துத் தூக்கி வர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டும், சந்தோஷப்பட வேண்டும். அதற்கப்புறம் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "ஆட்டுக்குட்டி அங்க தனியா இருக்கும்போது எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள், அல்லது சும்மா இருங்கள். இருட்டில் பயந்திருக்கும் என்று அவளே சொல்லும்போது பாடம் முடிந்தது.

இந்த வயதில் உருவகப் பேச்சு செல்லாது, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். "இயேசப்பா உன் இருதயத்துக்குள்ள வருவார்" என்றால், அவ்வளவு பெரிய ஆள் எப்படி உள்ளே வருவார், வாய் வழியாகவா என்று கேட்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காத பிள்ளைகள் ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். "இயேசு உன் நண்பர், உன் கூடவே இருப்பவர்" என்றால் குழப்பமில்லை. வார்த்தையில்லாப் புத்தகம் என்று ஒன்றை விபிஎஸ்ஸில், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியில், பார்த்திருப்பீர்கள், வெறும் வண்ணத் தாள்கள், கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்தம். இது லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866இல் மூன்று நிறங்களை வைத்துச் சொன்னது, தங்க நிறமும் பச்சையும் பின்னால் வந்து சேர்ந்தவை. லண்டனில் அதை யார் எப்படிக் கேட்டார்களோ, நம் ஊரில் "கறுப்பா பொறந்துட்டா" என்று உறவுக்காரர்கள் பேசுவதைக் கேட்டு வளர்கிற ஒரு பெண் குழந்தையின் முன்னால் கறுப்புத் தாளைத் தூக்கிக் காட்டி இது பாவம், வெள்ளைத் தாளைக் காட்டி இது பரிசுத்தம் என்று சொல்லக்கூடாது. அவள் தன் கையைப் பார்ப்பாள். நான் பயிற்சி கொடுக்கும் டீச்சர்களிடம் அந்தப் புத்தகத்தை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், நிறைய சபைகளில் சண்டை போட்டிருக்கிறேன்.

சிலுவையை நாலு வயதில் சொல்லலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சொல்லலாம், ஆணியையும் இரத்தத்தையும் வர்ணிக்காமல். "கெட்டவர்கள் இயேசுவைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள், அவருடைய நண்பர்கள் எல்லாரும் அழுதார்கள், மூன்றாம் நாள் கல்லறைக்குப் போனால் அங்கே அவர் இல்லை, உயிரோடு எழுந்துவிட்டார்." ஒரே மூச்சில், ஒரே உட்காரலில். வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டு மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று சின்னப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. பெரிய வெள்ளிக்கிழமை டிவியில் ஓடும் சினிமாவை அவள் முன்னால் ஓட விடாதீர்கள்.

பயம் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. இரகசிய வருகை (இயேசு திடீரென்று வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போவார் என்பது), அந்திக்கிறிஸ்து, அக்கினிக் கடல் என்று பயங்கர இசையோடு வரும் வீடியோக்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் சபைகள் இருக்கின்றன. அதைப் பார்த்த பிள்ளை பள்ளிவிட்டு வந்து வீட்டில் யாரும் இல்லை என்றால், அம்மா பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைக்காது, வருகை நடந்துவிட்டது, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நடுங்கும். வளர்ந்த பிறகு இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தைப் பதினைந்து வயதுக்கு மேல் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்துக்கொள்ளலாம். சின்ன வயதுக்கு அதன் 21ஆம் அதிகாரத்தில் தேவன் அவர்கள் கண்ணீரைத் துடைப்பார் என்கிற ஒரு வசனம் போதும். அதே மாதிரி ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, "நான் பாவி என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று கேட்டு எண்ணிக்கை எழுதிக்கொள்வதும். பக்கத்தில் இருக்கிறவன் தூக்கினால் இவனும் தூக்குவான், கடைசியில் மிட்டாய் உண்டென்றால் இரண்டு கையையும் தூக்குவான்.

சரி, உங்கள் மகனின் கேள்வி. இதற்குத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

"ஆமாம், பாப்பாக்களும் இருந்திருப்பார்கள்" என்று சொல்லுங்கள். வேறு பதில் சொல்ல வழியில்லை. அவன் கணக்குத் தெரிந்த பையன், ஊர் முழுக்க முழுகினால் பாப்பாக்கள் மட்டும் எப்படித் தப்பும்? "அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள்" என்று மழுப்பினால், பாப்பா எப்படிக் கெட்டதாக இருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். அப்படிக் கேட்காவிட்டால் இன்னும் மோசம், இவர்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம். ஆமாம் என்று சொன்ன பிறகு வேதாகமத்தைத் திறந்து ஆதியாகமம் 6:11ஐக் காட்டுங்கள், பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்று இருக்கும். 6:6ஐக் காட்டுங்கள், "அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது" என்று இருக்கும். கோபத்தில் குதித்த கடவுள் அல்ல, மனசு உடைந்த கடவுள், அந்தக் கதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிறகு 9ஆம் அதிகாரத்தில் இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வானவில்லை மேகத்தில் வைப்பது வரைக்கும் வாசியுங்கள்.

இதோடு அவன் திருப்தி ஆகமாட்டான், ஆகவும் வேண்டாம். அடுத்த நாள் ஆதியாகமம் 18க்குப் போங்கள். சோதோமை அழிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு ஆபிரகாம் கர்த்தரிடமே மல்லுக்கு நிற்கிறான்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ". அப்புறம் ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று பேரம் பேசுகிறான். ஒன்பது வயசுக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும், ஒருவர் ஆபிரகாம் ஒருவர் கர்த்தர் என்று நடித்தே பார்க்கலாம். முடிந்ததும் மகனிடம் சொல்லுங்கள், "நீ கேட்ட கேள்வியை ஆபிரகாம் தாத்தாவும் கேட்டார், கடவுள் அவரைத் திட்டவில்லை." மூன்றாம் நாள் யோனா. மீனை விடுங்கள், மீன் கதை எல்லாருக்கும் தெரியும், நாலாம் அதிகாரத்துக்குப் போங்கள். நினிவே அழியவில்லையே என்று யோனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கர்த்தர் அவனிடம் கேட்கிறார்: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமானவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற அந்த ஊருக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ? அங்கேயே புத்தகம் முடிந்துவிடுகிறது, கேள்விக்குறியோடு. வலது இடது தெரியாதவர்கள் யார் என்று அவனிடம் கேளுங்கள். நாலு வயசுத் தங்கச்சியைக் கைகாட்டுவான். பாப்பாக்களைப் பற்றி அவன் கவலைப்பட்டான் அல்லவா, அதே கவலையைக் கடவுள் வாயால் சொல்கிற இடம் அது. நோவா கதையின் கஷ்டம் இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே தீரவில்லை, அதையும் அவனிடம் தாராளமாகச் சொல்லலாம்: "இதை அம்மாவும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்."

ஒரு எச்சரிக்கை. 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த கடலோர வீடுகளிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் ஏறி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடமும் நோவா கதையை மிருகக் காட்சிசாலை மாதிரி ஜோராகச் சொல்ல முடியாது. பேழைக்கு வெளியே இருந்தவர்களைத்தான் அவர்கள் யோசிப்பார்கள். கதையை எடுப்பதற்கு முன்னால் கேட்கிற பிள்ளை எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வயது என்பது வருஷக் கணக்கு மட்டுமல்ல.

எட்டு முதல் பதினொன்று வரைக்கும் உள்ள வயதுக்கு இன்னொரு பசி இருக்கிறது, தகவல் பசி. எத்தனை, எவ்வளவு உயரம், எந்த ஊர், யாருடைய மகன். நாம் அதை விட்டுவிட்டு "அன்பாக இரு, கீழ்ப்படி" என்று நீதி சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று 1 சாமுவேல் 17இல் இருக்கிறது. பழைய காலத்து முழம் சுமார் 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2.9 மீட்டர். ஒரு டேப்பை எடுத்துச் சுவரில் அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள், ஃபேன் உயரத்துக்கு வந்துவிடும். கீழே மகனை நிற்க வைத்து அவன் உயரத்துக்கு ஒரு கோடு. அதைப் பார்த்துவிட்டு அவன் தாவீது எடுத்த கற்கள் ஐந்து என்பதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான். நோவாவின் பேழையின் நீளம் 300 முழம், சுமார் 135 மீட்டர், தெருவில் நடந்தே அளக்கலாம். வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் தேசப்படங்களை யாரும் திறப்பதில்லை, இந்த வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

மனப்பாட வசனத்துக்கும் இதுதான் வயது, இப்போது போட்டால் அழியாது. நான் மனப்பாடத்துக்கு எதிரி இல்லை, போட்டிக்குத்தான் கொஞ்சம் எதிரி. பரிசு நாளில் நூற்றுக்கணக்கான வசனத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, இறங்கி வந்ததும் ஒன்றும் ஞாபகம் இல்லாத பிள்ளைகளை எல்லா சபையிலும் பார்க்கலாம். 119ஆம் சங்கீதத்தை ஒப்பிக்க வைப்பது நம் ஊரில் ஒரு பெருமை, 176 வசனம். எபிரெயத்தில் அது 22 எழுத்துக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக அகரவரிசையில் கட்டியது, அதனால்தான் நம் வேதாகமத்தில் ஆலெப், பேத் என்று தலைப்பு இருக்கிறது. அவர்களுக்கு மனப்பாடத்துக்கு அது ஒரு பிடி, தமிழில் அந்தப் பிடி கிடையாது. நான் கேட்டால் சங்கீதம் 1, 23, 121, பரமண்டல ஜெபம், மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்கள், இவ்வளவு போதும் என்பேன். கஷ்டம் வரும்போது நாக்கில் வந்து நிற்க வேண்டியவை இவைதான். பழைய மொழிபெயர்ப்பில் போடுவதா, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் போடுவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, உங்கள் ஆலயத்தில் எது வாசிக்கப்படுகிறதோ அதில் மனப்பாடம், வீட்டில் அர்த்தம் சொல்ல எளிய நடை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்ட முடியாமல் திணறுகிறது என்றால், காதால் கேட்டுச் சொல்ல வையுங்கள். புத்தகமே இல்லாத வீடுகளில் ஆயிரம் வருஷம் இப்படித்தான் நடந்தது.

பெரியவன், 13. போனைப் பார்க்கிறான் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். சின்னவளுக்கு ஏற்ற கதையில் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு, அவனுக்குப் பத்து நிமிஷம் குடும்ப ஜெபம் போதும், வாரத்தில் ஒரு நாள் உங்கள் கணவரோ நீங்களோ அவனோடு தனியாக உட்காருங்கள், போனிலேயே வேதாகமத்தைத் திறக்கட்டும். அந்த நாளில் படக்கதைகளில் இல்லாததைப் படியுங்கள். இந்த வயது பொய்யை மோப்பம் பிடிக்கிற வயது, வேதாகமத்தின் பெரிய பலம் அது தன் ஆட்களைப் பற்றிப் பொய் சொல்லாததுதான், அதை நாம்தான் இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறோம். 2 சாமுவேல் 11, தாவீதும் பத்சேபாளும். 13, தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தது. அண்ணன் அப்சலோம் அவளிடம் நீ மவுனமாயிரு, அவன் உன் சகோதரன் என்கிறான். தாவீது ராஜா கேள்விப்பட்டபோது "வெகு கோபமாயிருந்தான்" என்று இருக்கிறது, அதோடு சரி, ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து அது கொலையில் முடிகிறது. வீட்டுக்குள் நடக்கிற கொடுமையை வீட்டுக்குள்ளேயே அமுக்கினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பாடப்புத்தகமும் சொல்லாது. பையன்களும் கட்டாயம் படிக்க வேண்டிய அதிகாரம் இது. பெண் பிள்ளைகளுக்கு "உனக்கு இப்படி ஏதாவது நடந்தால் என்னிடம் சொல், நான் மவுனமாயிரு என்று சொல்ல மாட்டேன்" என்ற வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்புறம் யோபு, பிரசங்கி, ஆபகூக். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, அப்படியும் ஒரு ஜெபம் வேதாகமத்தில் இடம் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் மனசு சரியில்லாத ஒரு விடலைப் பையனுக்கு அது பெரிய விஷயம். ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன ஆதியாகமம் 22ஐயும் நான் இந்த வயதுக்குத்தான் வைப்பேன். சின்னப் பிள்ளை அந்தக் கதையில் ஆபிரகாமின் விசுவாசத்தைக் கேட்காது, அப்பா கையில் கத்தி இருப்பதைத்தான் கேட்கும். பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து கேட்பான், அதற்கு நாளைக்கே முழுப் பதில் சொல்லியாக வேண்டும் என்று பதற வேண்டாம். சைன்ஸ் டீச்சரைக் கேலி மட்டும் செய்யாதீர்கள். டீச்சர் சொன்னதில் ஒன்று சரி என்று அவனுக்குத் தெரிந்த அன்றைக்கு, நீங்கள் சொன்ன எல்லாமே சந்தேகத்துக்கு வந்துவிடும்.

பெரியவர்களுக்கு வசதியான வசனத்தை மட்டும் எடுத்து வீசுவதும் இந்த வயதில் எடுபடாது. எபேசியர் 6:1, பிள்ளைகளே பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள், எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. 6:4, பிதாக்களே உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று மூன்று வசனம் தள்ளி இருக்கிறது. அதைத் தொங்கவிட்ட வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் மாமனார் விஷயம் கொஞ்சம் பக்குவமாகச் செய்ய வேண்டியது. அவரை எதிர்த்துப் பேச வேண்டாம், பிள்ளைகள் முன்னால் கண்டிப்பாக வேண்டாம். யாத்திராகமம் 12:26ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், "உங்கள் பிள்ளைகள்: இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்களைக் கேட்டால்" என்ன சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளை கேட்கும் என்று வைத்தே பஸ்காவை, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் அந்தப் பண்டிகையை, கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் யூத வீடுகளில் பஸ்கா இரவில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் கேள்வி கேட்டுத் தொடங்கி வைக்கிறது. யோசுவா 4இலும் யோர்தானிலிருந்து 12 கல்லை எடுத்து நட்டு வைத்தது, இந்தக் கற்கள் என்ன என்று பிள்ளைகள் கேட்பதற்காகத்தான். "மாமா, பையன் அதைத்தான் செய்கிறான்" என்று சொன்னால் அவருக்கும் கௌரவம் குறையாது. அதோடு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் சொந்தக் கதை சொல்லட்டும், சின்ன வயதில் ஆலயத்துக்கு எப்படி நடந்து போனார், யார் ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தார்கள், எந்தக் கஷ்டத்தில் எந்த வசனம் கைகொடுத்தது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது முதலில் பாட்டி லோவிசாளைத்தான் சொல்கிறார், அப்புறம்தான் அம்மா ஐனிக்கேயாளை.

சண்டே ஸ்கூலில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாமே என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைப் பிரபலமாக்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போய் ஞாயிறு மட்டும் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுக்கத்தான் அந்தப் பள்ளி. வீட்டில் ஒருவரும் சொல்லித்தர இல்லாத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதில் பாட்டு, காணிக்கை, வருகைப் பதிவு போக இருபது நிமிஷம் மிஞ்சினால் பெரிது. உபாகமம் 6 சொல்வது வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசு என்பது. ஸ்கூட்டரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிற நேரம்தான் இப்போது நம்முடைய "வழியில் நடக்கிறபோது". பிள்ளைகள் முகம் பார்க்காமல் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் கஷ்டமான கேள்விகளைக் கேட்பார்கள், அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகப் படக்கதை வேதாகமம் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், கடையில் நின்று மூன்று பக்கத்தைத் திறந்து பாருங்கள். நோவா பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி சிரிப்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, கடவுளின் துக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா. சிலுவைப் பக்கத்தைத் திருப்பினால் உடனே உயிர்த்தெழுதல் வருகிறதா. இயேசுவின் படம் எப்படி இருக்கிறது, மேற்கு ஆசியாவில் வெயிலில் நடந்த ஒரு யூதர் மாதிரி இருக்கிறாரா, பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருக்கிறாரா. ஒவ்வொரு கதைக்குக் கீழும் கட்டம் கட்டி "நீதி" என்று போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். அல்லது விலை மலிவாகக் கிடைத்தால் வாங்கி, அந்தக் கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கதையைக் கேட்ட பிறகு அவளுக்குத் தோன்றியதை அதில் வரையச் சொல்லுங்கள்.